இல்லாத சந்தியாகு

உலகம்மாளுக்கு இரண்டு புருஷன்மார். ஒருவர் இருந்து செத்தவர்; மற்றவர் பிறக்காமலே செத்தவர். கேட்பவர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரு பேரை வாய்விட்டுச் சொல்லக் கூசியதால் வந்த வினை இது.

இருந்து செத்தவர் சோணைமுத்து. நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் வானம் பார்த்த பூமியில் கூலிவேலை பார்த்தவர். மூன்று வருஷம் மழை ஏமாற்றியதும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடிக்கு வந்து, கப்பல் துறையில் மூட்டை தூக்கினார். பிள்ளை குட்டி இல்லை. ஓலைக் குடிசை, இரண்டு பானை, ஒரு குடம், அதற்கு மேல் சொத்தும் இல்லை, குறையும் இல்லை. அறுபத்துநாலாம் வருஷம் மார்கழியில் கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது, அவளை மணல்மேட்டின் உச்சியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, "குடத்துல நல்ல தண்ணி இருக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று இறங்கிப் போனார். ஊரையே உப்புத்தண்ணீர் விழுங்கிக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டிக்குத் தாகம் எடுக்குமே என்று நினைத்த மனுஷன். அவரையும் காணோம், குடத்தையும் காணோம்.

அந்த மேட்டில் அவளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தவள் ஜெபமாலை. மீன்காரி, வாய்க்காரி, ஏசுவைக் கும்பிடும் வேதக்காரி. அவள் புருஷன் சவேரியாரும் படகோடு போய்விட்டான். இரண்டு பொம்பளைகளும் ஒருத்தி சேலையை ஒருத்தி பிடித்துக்கொண்டு விடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் பிடித்திருந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

அதன்பிறகு ஜெபமாலை தங்கச்சிமடத்துப் பக்கம் கோயில் பள்ளிக்கூடக் கொட்டகைக்குப் போனாள். வீடிழந்தவர்களை அங்கேதான் தங்கவைத்திருந்தார்கள். உலகம்மாள் சொந்த ஊருக்குப் போனாள். கொழுந்தன் எட்டு நாள் கஞ்சி ஊற்றினான். ஒன்பதாம் நாள், "பிள்ளையில்லாதவளுக்கு இங்கன என்ன சோலி?" என்றான். கேட்டது அவன் வாய்தான் என்றாலும் பின்னால் அவன் பெண்டாட்டியின் கண் நின்றது. உலகம்மாள் மாற்றுச் சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்தும் பஸ்ஸிலும் தோணியிலுமாக ஜெபமாலையைத் தேடி வந்துவிட்டாள். மாமியார் வீடு கைவிட்டது, மணல்மேட்டில் கிடைத்த உறவு கைவிடாது என்று ஒரு நம்பிக்கை.

அவள் வந்த அன்று காலையில்தான் உபதேசியார் வேதமுத்து கொட்டகை வாசலில் பேரெழுதிக்கொண்டிருந்தார். பங்குச் சாமியாருக்கு வலதுகை, இடதுகை இரண்டும் அவர்தான். செபம் சொல்லிக்கொடுப்பார், ஞானஸ்நானப் பதிவேட்டை வைத்திருப்பார், எழுத்தில் ஒரு புள்ளி விலகினால் சோறு இறங்காது அவருக்கு. வீடில்லாதவர்களுக்குக் கோயில் நிலத்தில் வீடு கட்டித்தரப் போகிறார்கள், சூசையப்பர் குடியிருப்பு என்று பெயர், அதற்குத்தான் இந்த எழுத்து.

உலகம்மாள் வரிசையில் வந்து நின்றாள். ஜெபமாலை பக்கத்தில் நின்றாள்.

"பேரு?" என்றார் உபதேசியார்.

உலகம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஜெபமாலை முந்திக்கொண்டாள். "அற்புதம்மாள்னு எழுதுங்க."

"புருஷன் பேரு?"

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஊரில் எந்தப் பெண்ணும் கட்டினவன் பேரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். அந்தப் பேரில் சாமி இருந்தால் சாமியையும் பேர் சொல்லிக் கும்பிடமாட்டாள். சோணைச்சாமி கோயிலுக்குப் போனால் அவள் 'அந்தச் சாமி' என்றுதான் சொல்லுவாள். ஊரில் யாராவது அதிகாரி வந்து கேட்டால் பக்கத்தில் நிற்கும் எவராவது எடுத்துக்கொடுப்பார்கள், பிரச்சினை இல்லை. இங்கே எடுத்துக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஜெபமாலைக்கே அவர் பேர் தெரியாது. 'அவுக' என்றுதான் கேட்டிருக்கிறாள். ஆள் போன பிறகு இனி எந்த ஆயுசு குறையப்போகிறது என்று கேட்கலாம். பதினாலு வருஷம் பூட்டியிருந்த வாய் அப்படியெல்லாம் நியாயம் பார்த்துத் திறக்காது.

"ஏத்தா, மை காயுது" என்றார் உபதேசியார்.

ஜெபமாலை சுற்றுமுற்றும் பார்த்தாள். கோயில் முகப்பில் சந்தியாகப்பர் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். "சந்தியாகு" என்றாள். உபதேசியார் எழுதிக்கொண்டார். இப்படித்தான் பிறந்தான் இரண்டாவது புருஷன். பிறந்த மறு நொடியே 'புயலில் இறந்தவர்' என்று அவன் பேருக்கு எதிரே எழுதியும் ஆயிற்று.

"எதுக்குக்கா இம்புட்டுப் பொய்?" என்று உலகம்மாள் வேப்பமரத்தடியில் வைத்துக் கேட்டாள்.

"கோயில் வீடு வேதக்காரங்களுக்குத்தான் குடுப்பாக. ஒன் பேரச் சொன்னா, நீ வேற எங்கனயாச்சும் பாருத்தான்னுருவாக. எங்க போவ? கொழுந்தன் வீட்டுக்கா? ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்றாக. நான் ரெண்டு பொய் சொன்னேன், ஒரு வீடு வரப்போவுது. பேசாம இரு."

வேதக்காரருக்கு மட்டும்தான் வீடு என்று அவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஜெபமாலை தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அவளுக்குச் சந்தேகம் என்ற ஒன்று பிறவியிலேயே கிடையாது.

வீடுகள் எழும்பத் தொடங்கின. பதினாலு வீடு, ஒரே வரிசை. கடலில் எடுத்த கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சுவர், மேலே ஓடு. இன்னொரு புயலுக்குப் பயந்து ஓலை வேண்டாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். கல் சுமந்தது, சுண்ணாம்பு குழைத்தது எல்லாம் கொட்டகைச் சனங்களே. மற்ற செலவுக்கு ஊர் கரைவலை கைகொடுத்தது. கரைவலை என்றால் கடலில் அரை வட்டமாக வலையை விட்டு, இரண்டு பக்கமும் கரையில் நின்று கயிறு பிடித்து இழுப்பது. இழுத்த ஒவ்வொரு கைக்கும் மீனில் பங்கு உண்டு. கோயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கோயில் பங்குதான் ஓடாகவும் மரமாகவும் மாறியது. ஆண்களைக் கடல் கொண்டுபோய்விட்டதால் அந்த வருஷம் பெண்களும் கயிறு பிடித்தார்கள். உலகம்மாளும் பிடித்தாள். முதல் வாரம் உள்ளங்கைத் தோல் உரிந்தது. இரண்டாம் மாதம் காய்த்துவிட்டது.

குடியிருப்புக்கு என்று சில சட்டங்கள் வைத்திருந்தார் சாமியார். வாடகை கிடையாது, அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு ஓலைக் கிடுகு முடைந்து கொடுக்க வேண்டும், அது ஊரில் ஒழுகுகிற குடிசைகளுக்குப் போகும். கள்ளு கூடாது. மாலையில் செபம். கடைசிச் சட்டம் இது: ஒருத்தர் காய்ச்சலில் படுத்தால் இடதுவீடும் வலதுவீடும் முறைவைத்துக் கஞ்சி கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தைக் கேட்ட அன்று உலகம்மாள் சுவருக்குப் பின்னால் போய் அழுதாள். எட்டு நாள் கஞ்சியைச் சொல்லிக்காட்டின கொழுந்தன் இருக்கிற உலகத்தில், கஞ்சியைச் சட்டமாகப் போட்டு வைத்திருக்கிறார்களே! அந்த வீடு அவளுக்கு வேண்டும். வேறெதையும் அவள் அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆசை கூடக்கூடப் பயமும் கூடியது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? சிலுவை போடத் தொடங்கிய புதிதில் இடதுகையால் போட்டாள். "ஏ அற்புதம்!" என்று கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்பினாள், காது மந்தம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. 'அருள் நிறைந்த மரியே'யை மனப்பாடமாகச் சொல்லப் பழகியபின் கொஞ்சம் தைரியம் வந்தது. உபதேசியார் பேரிலேயே அவளுடைய மனுஷன் பேரின் பாதி இருப்பதால், அவரை அவள் ஒரு நாளும் பேர் சொன்னதில்லை. 'உபதேசியாரு' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மரியாதை தெரிந்தவள் என்று அவருக்கு அவள்மேல் ஒரு நல்ல எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், வெள்ளிக்கிழமை மாமிசம் கூடாது என்று சாமியார் சொன்னார். உலகம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. தெரிந்த சங்கதி! அவள் ஊரிலும் வெள்ளிக்கிழமை யாரும் கவிச்சி தொடமாட்டார்கள். இந்த ஒன்றையாவது யாரும் சொல்லித்தராமல் சரியாகச் செய்யலாம் என்று நினைத்தாள். அந்த வெள்ளியன்று வலை கரையேறியதும் சம்மாட்டி செபஸ்தியான் பங்கு பிரித்தார். சம்மாட்டி என்றால் வலைக்காரர், ஊருக்குப் பெரியவர். அவளுக்கு நாலு சூடை மீனும் ஒரு பாறை மீனும் எடுத்துவைத்தார்.

"இன்னைக்கு எனக்கு வேணாம் சம்மாட்டியாரே" என்றாள் உலகம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "வெள்ளிக்கிழமையில்ல. நான் மீனத் தொடுறதில்ல. வேற யாருக்காச்சும் குடுங்க."

செபஸ்தியானின் கை மீன்மேல் நின்றது. கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "சரித்தா" என்று சொல்லிவிட்டு அவர் மீனைக் கூடையில் போட்டார். தன் பக்தியைப் பார்த்து ஊரே அசந்துவிட்டது என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப்பின் ஒரு வெள்ளி தவறாமல் அப்படியே செய்தாள். ஜெபமாலை வெள்ளிதோறும் கூடையோடு இராமேசுவரம் சந்தைக்குப் போய்விடுவாள். அவள் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

புரட்டாசியில் வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். உலகம்மாளுக்கு ஒன்பதாம் நம்பர், ஜெபமாலைக்குப் பத்து. கதவு போட்ட அன்று உலகம்மாள் ஒன்பதாம் வீட்டுக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு இன்னொரு தடவையும் தொட்டாள். புயல் அடித்து ஒரு வருஷம் நிறையும் நாளில் காலைப் பூசை, அதற்குப்பின் வீடு மந்திரித்துச் சாவி கொடுப்பது என்று ஏற்பாடு.

இதற்கிடையில் இறந்தவர்கள் திருநாள் வந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. பூசையில் உபதேசியார் புயலில் போனவர்களின் பேரை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் கோயில் மணி ஒரு தடவை அடித்தது. சவேரியார் பேருக்கு மணி அடித்தபோது ஜெபமாலை வாய்விட்டு அழுதாள், அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள், அவள் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த பேர் சந்தியாகு. மணி அடித்தது. உலகம்மாளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. யாரோ ஒருவனுக்கு அடித்த மணி அது. அவளுக்காகத் தண்ணீர் எடுக்கப் போன மனுஷனுக்கு இந்த உலகத்தில் ஒரு மணியும் அடிக்கவில்லை. அவர் பேரை ஒரு வாயும் சொல்லவில்லை.

"ஆண்டவருக்குத் தெரியாதா யாருக்கு அடிச்ச மணின்னு? அது போய்ச் சேந்துரும்" என்றாள் ஜெபமாலை.

"வெலாசம் தப்பா எழுதின கடுதாசி எங்கனக்கா போய்ச் சேரும்?" என்றாள் உலகம்மாள்.

ஒரு வருஷம் நிறைந்த நாள் வந்தது. கோயில் நிறைய ஆள். வெள்ளையடித்த பதினாலு வீடும் சன்னல் வழியே தெரிந்தன. உலகம்மாள் மாற்றுச் சேலையைத் துவைத்துக் கட்டியிருந்தாள். ஜெபமாலையின் முழங்கை அவள் விலாவில் இடித்தபடி இருந்தது. இன்னும் ஒரு நாழிகை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், சாவி கைக்கு வந்துவிடும். சாகும் வரைக்கும் கூரை. படுத்தால் இரண்டு பக்கமிருந்தும் கஞ்சி.

பூசை முடிகிற நேரத்தில் உபதேசியார் நோட்டைத் திறந்தார். பேர்கள் வரத் தொடங்கின. ஒரு பேர், ஒரு மணி. ஒரு பேர், ஒரு மணி. ஒவ்வொரு மணிக்கும் எங்கேயோ ஒரு தாய், ஒரு பெண்டாட்டி, ஒரு தங்கச்சி விம்மினாள். இன்றைக்கும் அந்தப் பேரை வாசித்துவிட்டால், அடுத்த வருஷமும் அதுதான். அவள் இருக்கிற காலம் மட்டும் அதுதான். ஒன்பதாம் வீட்டில் அவள் குடியிருப்பாள், சந்தியாகின் பெண்டாட்டியாக. குடத்தை எடுக்கப் போன மனுஷன் வெளியிலேயே நிற்பார்.

"சவேரியார்" என்றார் உபதேசியார். மணி அடித்தது. ஜெபமாலை அழுதாள்.

"சந்தியாகு."

"அடிக்காதீக!"

தன் குரல்தான் என்று அவளுக்கே தெரிய ஒரு கணம் பிடித்தது. எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஜெபமாலை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், அவள் உட்காரவில்லை. மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் அப்படியே நின்றார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அடிக்காதீக சாமி" என்றாள், பீடத்தைப் பார்த்து. "சந்தியாகுன்னு எனக்கு யாருமே இல்ல. அப்படி ஒரு ஆளே கெடையாது. நான் அற்புதம்மாளும் இல்ல, எம் பேரு உலகம்மாள். வேதக்காரியும் இல்ல. வீட்டுக்கு ஆசப்பட்டுப் பொய் சொன்னேன். வீடு வேணாம், வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. ஆனா எங்க அவுகளுக்கு ஒரே ஒரு மணி அடிங்க சாமி. அது போதும், நான் போயிருதேன்."

சாமியார் பீடத்திலிருந்து இரண்டு படி இறங்கினார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். "அவர் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

அங்கேதான் மறுபடியும் வந்து நின்றது வினை. உலகம்மாள் ஜெபமாலையைப் பார்த்தாள். ஜெபமாலை கையை விரித்தாள், அவளுக்குத் தெரிந்தால்தானே? உபதேசியார் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொடுக்க அந்தக் கோயிலில் ஒரு ஆள் இல்லை. நயினார்கோவில் பக்கத்திலிருந்து இத்தனை தொலைவு வந்து, அந்தப் பேரைத் தெரிந்த ஒரே சீவன் அவள்தான். அவள் சொல்லாவிட்டால் அந்தப் பேரும் அவரோடு கடலுக்குள் போனதுதான்.

உதடு ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"சோணைமுத்து" என்றாள்.

ஒன்றும் இடிந்து விழவில்லை. பதினைந்து வருஷம் உள்ளேயே வைத்திருந்த பேர் வெளியே வந்து கோயிலுக்குள் நின்றது.

உபதேசியார் தயங்கினார். "சாமி, ஞானஸ்நானம் வாங்காத ஆளுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"கடல் அதைக் கேட்டுத்தான் ஆளைக் கொண்டுபோச்சா?" என்றார் சாமியார். பிறகு மணிக்கயிற்றுப் பக்கம் திரும்பி, "அடியப்பா" என்றார்.

மணி அடித்தது. அந்த ஒரு மணிச்சத்தத்தில் உலகம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கூச்சம் இல்லை, அடக்கம் இல்லை. ஒரு வருஷத்து அழுகை. ஜெபமாலை அவளைக் கட்டிக்கொண்டு தன் பங்குக்கும் ஒரு பாட்டம் அழுதாள்.

பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். உலகம்மாள் சேலைச் சுருட்டை எடுக்கக் கொட்டகைப் பக்கம் நடந்தாள். மனசு லேசாக இருந்தது, கால்தான் எந்தத் திசை என்று தெரியாமல் தடுமாறியது. சாமியார் கூப்பிட்டு நிறுத்தினார்.

"வீடு வேதக்காரங்களுக்கு மட்டும்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

ஜெபமாலை முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அதுவே பதிலாகப் போயிற்று.

உபதேசியாருக்கு ஆறவில்லை. "என் கையால பொய்ப் பேரு எழுத வச்சிட்டீகளே" என்றார், கோபத்தைவிட வருத்தம் அதிகமாக. "உங்களுக்கு மேல இருக்கிற மேற்றிராணியாருக்குப் போன பட்டியல்ல எல்லாரும் நம்ம பங்குச் சனம்னு நான்தான் சாமி எழுதினேன். இன்னும் இருவது பேரு கொட்டகைல கெடக்கான். அவன் கேட்டா என்ன சொல்றது?"

அவர் கேட்டதும் நியாயம்தான். சாமியார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கல்லும் ஓடும் உங்க வலை குடுத்தது. கேள்வியை ஊரே தீர்க்கட்டும்" என்று சொல்லி, செபஸ்தியானைப் பார்த்தார்.

சம்மாட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இதுல தீக்கிறதுக்கு என்ன சாமி இருக்கு? இந்தப் பொம்பள நம்ம ஆளு இல்லங்கிறது சித்திரை மாசமே எங்களுக்குத் தெரியும்."

உலகம்மாள் நிமிர்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை மீனு வேணாம்னுச்சே!" என்றார் செபஸ்தியான். "சாமி மாமிசம் கூடாதுன்னாரு, ஆட்டக் கோழிய விட்டோம். மீன விடச் சொல்லி எந்தச் சாமி சொன்னாரு? வெள்ளிக்கிழமைக்குன்னே பொறந்த சாப்பாடு மீனு. கடக்கரையில பொறந்த எந்த வேதக்காரியாச்சும் வெள்ளிக்கிழமை மீனு வேணாம்பாளா? எங்க வீட்ல அன்னைக்குச் சாயந்தரம் சிரிச்சு மாளல."

கூட்டத்தில் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. "எனக்கும் தெரியும்", "எங்க வீட்லயும் பேசிக்கிட்டோம்" என்று நாலு பக்கமும் குரல்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். இலையில் உட்கார்ந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டு, பாவம் என்று பார்க்காத மாதிரி சாப்பிட்டிருக்கிறார்கள். இந்த மீன் சங்கதி தெரியாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் உபதேசியார், அவர் நோட்டைத் தவிர எதையும் பார்க்கிறவர் இல்லை. இன்னொருத்தி ஜெபமாலை.

"நீ வெள்ளிக்கிழமை மீனு திங்கலியா?" என்று ஜெபமாலை அவள் காதுக்குள் கேட்டாள். "அடிப் பாதகத்தி, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"தெரிஞ்சும் ஏன் சம்மாட்டி எங்கிட்டச் சொல்லல?" என்று உபதேசியார் கேட்டார்.

"எதுக்குச் சொல்லணும்? கயிறு பிடிச்சுச்சுல்ல?" செபஸ்தியானின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "கயிறு பிடிச்ச கைக்குப் பங்கு. கை யாரு கைன்னு எங்க பாட்டன் காலத்துலயும் கேட்டதில்ல. பத்து மாசமா இந்தப் பொம்பள இழுத்த மீனுலதான கோயில் பங்கும் எடுத்தோம்? அந்தக் காசுல வாங்கின ஓட்டுக்குக் கீழ இது குடியிருக்கக் கூடாதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? கொட்டகைல கெடக்கிற இருவது பேருக்கும் வலை இருக்கு, கை இருக்கு. அடுத்த வரிசையையும் கட்டுவோம். ஏலே, யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்காலே?"

யாருக்கும் இல்லை. சாமியார் தலையாட்டினார். "மேற்றிராணியாருக்கு நான் எழுதிக்கிறேன். பொய் சொன்னதுக்கு மட்டும் தண்டனை உண்டு. ஜெபமாலை, ஆறு மாசத்துக்கு நீ சனிக்கிழமை ரெண்டு கிடுகு முடையணும்."

"பொய்யால லாபம் அவளுக்கு, கிடுகு எனக்கா சாமி?" என்றாள் ஜெபமாலை. மறுபடியும் சிரிப்பு.

உலகம்மாள் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று அவளுக்கு முழுதாக உறைக்கவே நேரம் பிடித்தது. பத்து மாதமாக நெஞ்சில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிந்த கல்லை யாரோ வந்து, 'இதையா சுமந்தாய்?' என்று எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். மூச்சு நன்றாக, அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. யார் காலில் விழுவது என்று தெரியாமல் அவள் கையைக் கூப்பிக்கொண்டு பொதுவாக எல்லோரையும் பார்த்தாள். யாரோ ஒரு பெண், "கையக் கீழ போடுத்தா, சம்மாட்டிக்கு ரொம்பப் பெருமை வந்துரும்" என்றாள்.

சாமியார் வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். ஒன்பதாம் வீட்டுக்கும் தெளித்தார். உபதேசியார் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று நோட்டில் பார்த்துச் சாவி கொடுத்தார். உலகம்மாளின் வாசலுக்கு வந்ததும் நின்று, வாசல்படியில் உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்தார். பழைய வரியை ஒரே கோடாக அடித்தார். அடித்த இடத்தில் இன்னொரு கோடும் போட்டார், சந்தேகத்துக்கு இடமில்லாமல். கீழே புதிதாக, நிறுத்தி நிதானமாக எழுதினார். மை உலர ஊதிவிட்டு, சரியா என்று பார்க்கச் சத்தமாக வாசித்தார்.

"ஒன்பதாம் நம்பர் வீடு. உலகம்மாள். காலஞ்சென்ற சோணைமுத்து மனைவி."

அவள் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். அவர் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"என்னத்தா, தப்பா இருக்கா?" என்றார் வேதமுத்து.

"இல்லய்யா, சரியா இருக்கு" என்றாள் உலகம்மாள். "எனக்கு எழுத்து தெரியாது. இன்னொருக்கா வாசிங்க."

அவர் இன்னொரு முறை வாசித்தார். மூன்றாவது முறையும் கேட்டாள். பத்தாம் வீட்டுக்காரி சாவிக்காகக் கத்திக்கொண்டிருந்தாள். வேதமுத்து அதைக் காதில் வாங்காமல், முதல் எழுத்திலிருந்து நிதானமாக மறுபடியும் வாசித்தார்.